அரசுக் கோலத்து ஆடைப்பெயர்கள்: அங்கியும் தொங்கலும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் வழியில், காவிரியின் தென்கரையில் அமைந்த சிற்றூர் ஜீயபுரம். பங்குனித் திருவிழாவின் தொடக்க நாள்களுள் ஒன்றில் திருவரங்கத்து நம்பெருமாள் காவிரியைக் கடந்து இவ்வூருக்கு எழுந்தருளுவார். அரங்கன் ஓர் அரசன். 'அரங்கராசன்' என்பதே அவன் திருப்பெயர்களுள் ஒன்று. குடை, சாமரை, இன்னியம் முதலியன சூழ வரும் அவ்வுலாவை அரசவுலா என்று கொள்வதில் தவறில்லை. அதனைக் காண நின்ற கூட்டத்திடையே முதியோர் சிலர், "இன்று என்ன சாத்தியிருக்கிறது?" என்று ஒருவரையொருவர் வினவக் கேட்டேன். அவர்கள் 'உடுத்தியிருக்கிறார்' என்றிலர்; 'அணிந்திருக்கிறார்' என்றுமிலர். அந்த ஒரு வினைச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அதற்குச் சில திங்கள் முன்னர், முதுகலை வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக மேலைநாட்டு விழாவொன்றைப் பற்றிய உரைப்பகுதியைத் தந்திருந்தேன். நோன்புக் காலத்திற்கு முன்னர் நிகழும் 'கார்னிவல்' எனும் களியாட்டு விழாவில், ஊர் மக்கள் தம்முள் ஒருவரை அரசராகவும் மற்றொருவரை அரசியாகவும் தெரிந்தெடுத்து முடிசூட்டுவர். அமெரிக்க நாட்டு நியூ ஆர்லியன்சு நகரில் 1872ஆம் ஆண்டு முதல் 'ரெக்ஸ்' என்னும் பெயரால் இத்தகைய அரசன் உலா வருகின்றான். ஒருநாளைக்கு அரசராவோர் அணியும் நெடிய மேலங்கியும், அதன் பின்னே நிலத்திற் புரளும் நீண்ட துணியும் அவ்விழாவின் சிறப்புக் காட்சிகள். பின்னே புரளும் அத்துணியை ஆங்கிலத்தில் 'டிரெயின்' என்பர். மாணவர் ஒருவர் இதனை 'ஆடைத்தொடர்' என்றார். மற்றொருவர் 'நடைபாவாடை' என்றார். மூன்றாமவர் 'முந்தானை' என எழுதிவிட்டு அடித்திருந்தார். மூவர் விடையும் பிழையே. ஆயினும் மூன்று பிழைகளும் ஆராயத்தக்கன. சொல் இல்லாமையால் நேர்ந்த பிழையா, பொருள் இல்லாமையால் நேர்ந்த பிழையா என்பதே வினா.

அரசுக் கோலத்து ஆடைகளுக்குத் தமிழில் வழங்கிவந்த பெயர்களைத் தொகுத்து நோக்கின் இவ்வினாவிற்கு விடை கிடைக்கும் என்பது என் கருத்து. சொற்களை இலக்கியம், கோயில், கூத்து என்னும் மூன்று களங்களிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

ஆடையை ஆளும் வினைகள்

ஒரு மொழியில் ஆடைப்பெயரைக் காட்டிலும் அப்பெயரோடு இயையும் வினை உறுதியான சான்றாகும். பெயர் கடனாக வரலாம். வினை எளிதில் வருவதில்லை. தமிழில் இடையைச் சுற்றிக் கட்டுவதை 'உடுத்தல்' என்கிறோம். 'உடை' என்பது அதனடியாகப் பிறந்தது. தோளின்மேல் இட்டு உடலை மறைப்பது 'போர்த்தல்'; அதிலிருந்து 'போர்வை' தோன்றிற்று. அணிகலனையும் மாலையையும் 'அணிதல்', 'பூணுதல்', 'சூடுதல்' என்று பிரித்து வழங்குகிறோம். இவை யாவும் தைக்கப்படாத துணிக்கும் தனித்த அணிக்கும் உரிய வினைகள்.

கையும் கழுத்தும் வைத்துத் தைத்த ஆடைக்கு உரிய பழைய வினை யாது? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு இதற்கு விடை தருகிறது. பாசறையில் அரசனைக் காத்து நிற்கும் யவனரைக் கூறுமிடத்து நப்பூதனார், அவர்கள் மெய்ப்பையினுள் 'புகுந்தவர்' என்கிறார். 'மெய்ப்பை' என்பது உடலை இடும் பை. பையினுள் பொருள் புகுவதுபோல உடல் ஆடையினுள் புகுகின்றது. தைத்த ஆடையை முதன்முதற் கண்ட ஒரு சமுதாயத்தின் வியப்பு இச்சொல்லில் பதிந்துள்ளது எனலாம். தன் மக்கள் நாள்தோறும் உடுத்தும் ஆடையை எவரும் 'பை' என்று கூறார்.

கோயில் வழக்கில் இவ்வினைகள் அனைத்தும் ஒன்றாய் அடங்கிவிடுகின்றன. அங்கே ஆடையாயினும் அணியாயினும் மாலையாயினும் 'சாத்துதல்' என்பதே வினை. ஆடையைப் 'பரிவட்டம்' என்பர். 'திருப்பரிவட்டம்' எனவும் 'திருப்பரிசட்டம்' எனவும் கல்வெட்டுகளில் இது காணப்படும். அதே பரிவட்டம் இறைவன் திருமேனியிலிருந்து களையப்பட்டு ஒருவர் தலையிற் கட்டப்படும்போது மரியாதையாகின்றது. உடுக்கும் துணியும் தலைக்குரிய சிறப்பும் ஒரே சொல்லால் வழங்கப்படுவது நோக்கத்தக்கது. ஈண்டுத் துணியின் அளவோ நீளமோ பெருமை தருவதில்லை; அது யாரைத் தொட்டு வந்தது என்பதே பெருமை தருகிறது.

அங்கியின் பெயர்கள்

தைத்த மேலாடைக்கு நம் இலக்கியம் வழங்கும் பெயர்களுள் மெய்ப்பை, கஞ்சுகம், குப்பாயம் ஆகிய மூன்றும் முதன்மையானவை. இவற்றை அணிந்தோர் யார் என வினவுவோம்.

மெய்ப்பைக்கு உரியோர் யவனர் என்பதை மேலே கண்டோம். கஞ்சுகம் சிலப்பதிகாரத்துக் கால்கோட்காதையில் வருகிறது. நூற்றுவர் கன்னர் செங்குட்டுவனிடம் விடுத்த குழுவில் சஞ்சயனைத் தலைவனாகக் கொண்ட கஞ்சுக முதல்வர் ஆயிரவர் இருந்தனர். அவர்கள் தூது செல்லும் அரசப் பணியாளர், அரசரல்லர். குப்பாயமோ சீவக சிந்தாமணியில் மிலேச்சனுக்கு உரியதாகக் கூறப்படுகிறது. இச்சொல் மலையாளத்தில் இன்றும் சட்டையைக் குறிக்கும் பொதுச்சொல்லாய் வாழ்கிறது. தமிழில் நூல்வழக்காய் ஒடுங்கிவிட்டது.

இம்மூன்று சான்றுகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். தைத்த நெடிய அங்கி பழந்தமிழ்ப் பார்வையில் அயலாரின் கோலம், அன்றேல் பணியாளரின் கோலம். அரசன் அதனை அணிந்து அவையில் வீற்றிருக்கும் காட்சியைப் புலவர் போற்றுவதில்லை. அவர்கள் போற்றுவது மன்னனின் மார்பு. சந்தனம் பூசிய மார்பு, மாலை புரளும் மார்பு, விழுப்புண் பட்ட மார்பு என அது பலபடப் பேசப்படும். மறைக்கப்பட்ட மார்பைப் பாட இயலாது அன்றோ?

அரசர் கவசம் அணிந்தனரே, 'மெய்ம்மறை' என்னும் சொல் பதிற்றுப்பத்தில் வருகின்றதே எனச் சிலர் வினவலாம். அது போர்க்கோலம். அம்பையும் வேலையும் தடுக்க அணிவது வேறு. விழாவில் சிறப்புக்காக அணிவது வேறு. நாம் ஈண்டு ஆராய்வது பின்னதையே.

இடைக்காலத்தில் இந்நிலை ஒருபுடை மாறிற்று. விசயநகர அரசவையில் 'கபாய்' என்னும் நெடுஞ்சட்டையும் 'குல்லாய்' என்னும் உயர்ந்த தொப்பியும் அவைக்கோலமாயின. முன்னது அரபுச் சொல்லிலிருந்தும் பின்னது பாரசீகச் சொல்லிலிருந்தும் வந்தவை. குல்லாய் இன்றும் நம் நாவில் வழங்குகிறது. கபாய் அகராதியளவில் நிற்கிறது. ஆயினும் மாற்றம் முழுமையானதன்று என்பதற்குத் திருமலையில் ஒரு சான்று நிற்கிறது. கிருட்டிணதேவராயரும் தேவியர் இருவரும் கைகூப்பி நிற்கும் உலோகப் படிமங்களில், மன்னர் தலையில் உயர்ந்த குல்லாய் உண்டு. மேனியில் கபாய் இல்லை. அவையில் அணிந்த நெடுஞ்சட்டையை இறைவன் திருமுன் களைந்து, வெற்றுமார்போடு நிற்கின்றார். மதுரைப் புதுமண்டபத்தில் உள்ள திருமலை நாயக்கர் (ஆட்சி 1623-1659) சிலையிலும் மார்பு திறந்தே உள்ளது. அவைக்கு ஒரு கோலம், ஆலயத்துக்கு ஒரு கோலம் என்னும் பாகுபாடு இதனால் தெளிவாகும்.

அவ்வாறாயின் திருவரங்கத்து அங்கிகள் எத்தகையன? வைகுண்ட ஏகாதசியன்று நம்பெருமாள் இரத்தின அங்கியில் எழுந்தருளுவார். பகற்பத்து, இராப்பத்து நாள்களில் மூலவர் முத்தங்கியில் காட்சி தருவார். இவை 'அங்கி' எனப் பெயர் பெற்றிருப்பினும், தோளிலிருந்து தளர்ந்து தொங்கும் துணியாடைகள் அல்ல; மணியும் முத்தும் இழைத்துத் திருமேனியோடு பொருந்துமாறு அமைத்தவை. துணியைக் காட்டிலும் அணிகலனுக்கே இவை நெருங்கிய உறவின. ஆகவேதான் இவற்றுக்கும் 'சாத்துதல்' என்னும் வினை இயல்பாகப் பொருந்துகிறது. திருவரங்கத்துத் தலையணிகளுள் பாண்டியன் பெயரால் வழங்கும் 'பாண்டியன் கொண்டை' ஒன்று. இங்கே அரசன் பெயரைத் தாங்கி நிற்பது தலையணி என்பதையும் கருதுக.

வேறொரு செய்தியும் திருவரங்கத்தினின்றே கிடைக்கிறது. திருமால் கோயில்களைப் பற்றி மக்களிடையே வழங்கும் சொல்லடை ஒன்றில், அரங்கத்துக்கு நடையழகு என்றும், காஞ்சிக்குக் குடையழகு என்றும், மேல்கோட்டைக்கு முடியழகு என்றும் கூறுவர். இஃது ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டு வழங்கும். யான் கேட்ட வடிவங்களில் நடை, குடை, முடி ஆகியவை உண்டு. எதுகைக்கு எளிதாக இயையக்கூடிய 'உடை' மட்டும் இல்லை. அரங்கனைத் தோளில் ஏந்துவோர் அரிமா நடையும் அரவ நடையும் தோன்ற அடிபெயர்த்து நடத்தலைக் கண்டோர் இச்சொல்லடையின் பொருத்தத்தை உணர்வர். அரசமாட்சி உடையின் நீளத்தில் இல்லை. நடையின் வகையில் உள்ளது.

தொங்கலின் பெயர்கள்

இனி 'டிரெயின்' என்பதற்கு வருவோம். 'இழுத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாகப் பிறந்த சொல் இது. இழுபட்டு வருவது என்னும் பொருளாலேயே புகைவண்டித் தொடருக்கும் அது பெயராயிற்று. ஜீயபுரம் நிலையத்தில் நிற்கும் வண்டிக்கும் அரசியின் ஆடைக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் அமைந்தது இக்காரணத்தால்தான். 'ஆடைத்தொடர்' என எழுதிய மாணவர் இவ்வுறவை உணர்ந்தே எழுதினார் போலும்.

மேலை நாட்டில் அத்துணியின் நீளம் தகுதியின் அளவுகோல். 1953ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள் இரண்டாம் எலிசபெத்து அரசி முடிசூடியபோது, உயர்குடி மகளிர் அறுவர் அவர் ஆடையின் பின்பகுதியை ஏந்தி நடந்தனர். 2023ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் மூன்றாம் சார்லசு முடிசூடியபோது அப்பணியைச் சிறுவர் செய்தனர். ஏந்துவோர் உயர்குடியினர் என்பதும், ஏந்துதல் அவர்க்குப் பெருமை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன.

தமிழில் ஆடையின் முனையைக் குறிக்கும் சொற்களை நோக்குவோம். 'தானை' என்பது படையைக் குறிப்பதோடு ஆடையையும் குறிக்கும். 'முன்தானை' என்பதே 'முன்றானை' என்றும் 'முந்தானை' என்றும் வழங்குகிறது. முன்புறத் தலைப்புக்கு இவ்வளவு உறுதியான பெயர் அமைந்திருக்க, அதற்கு எதிரான 'பின்தானை' என்னும் சொல் நம் வழக்கில் வேரூன்றவில்லை. காரணம் வெளிப்படை. நம் மங்கல உடையில் ஆடையின் பின்தலைப்பு தொங்கவிடப்படுவதில்லை, கச்சமாகச் செருகப்படுகிறது. வேள்வியிலும் திருமணத்திலும் வழிபாட்டிலும் கச்சம் வைத்துக் கட்டுவதே பலர்க்கும் முறை. துணி நிலத்திற் புரள நடப்பவனை, 'வேட்டி தெருவைக் கூட்டுகிறது' என்று எள்ளுவோம். மேலை நாட்டில் மாட்சியாக இருப்பது நமக்குச் சோர்வாகத் தோன்றுகிறது.

'தோகை' என்பது மயிற்பீலியையும் கரும்பு முதலியவற்றின் நீண்ட தாளையும் குறிப்பதோடு, தொங்கும் ஆடைப்பகுதியையும் குறிக்கும் என அகராதிகள் காட்டும். பின்னே விரிந்து வருதல் என்னும் காட்சிக்கு இச்சொல் மிகப் பொருத்தமாயினும், பெண்ணைக் குறிக்கும் ஆகுபெயராகவும் அது வழங்குவதால், அரசனின் ஆடைக்கு இயையாது.

எஞ்சி நிற்பது 'தொங்கல்'. தொங்குவது என்னும் பொருளில் மாலைக்கும் பீலிக்கும் ஆடைத்தலைப்புக்கும் இது பெயராய் வழங்கிற்று. இச்சொல்லைத் 'டிரெயின்' என்னும் பொருளுக்கு உரியதாக்கிய பெருமை கிறித்தவ மறைநூலைத் தமிழாக்கியோர்க்கு உரியது. ஏசாயா நூலின் ஆறாம் அதிகாரத்தில், உயர்ந்த அரியணையில் வீற்றிருக்கும் இறைவனின் ஆடைப்பின்பகுதி ஆலயம் முழுவதும் நிறைந்திருந்த காட்சி கூறப்படுகிறது. அதனைத் தமிழில் 'வஸ்திரத்தொங்கல்' என்றனர். அதே மொழிபெயர்ப்பில் ஆடையோரத்துக் குஞ்சங்களுக்கும் 'தொங்கல்கள்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. கண்ணாற் காணாத அரசவுடைக்குப் பெயரிட நேர்ந்தபோது, அவர்கள் புதுச்சொல் புனையவில்லை. பழஞ்சொல்லொன்றின் பொருளை விரித்தனர். நம் வகுப்பில் தேடிய சொல் முன்னரே அச்சில் ஏறி மக்களால் ஓதப்பட்டு வந்தது என்பது நமக்கு ஒரு பாடம்.

முன்விரியும் துணி

இரண்டாம் மாணவர் எழுதிய 'நடைபாவாடை' என்னும் விடையே எனக்கு மிகுந்த பயன் தந்தது. பரப்பிய ஆடை 'பாவாடை'. சிறுமியரும் மகளிரும் இடையில் அணிவதற்கு மட்டும் உரிய பெயராக இன்று அதனைக் கருதுகின்றோம். பெரியோர் நடந்துவர நிலத்தில் விரிக்கும் துணிக்கும் அதுவே பெயர். நடப்பதற்காக விரித்தமையின் நடைபாவாடை ஆயிற்று. நடக்கும் வழியின்மேல் இடும் பந்தரை 'நடைக்காவணம்' என்பர். தலைக்குமேல் கட்டும் துணி 'மேற்கட்டி' எனவும் 'விதானம்' எனவும் பெயர் பெறும்.

இச்சொற்களை 'டிரெயின்' என்பதனோடு ஒப்பிட்டு நோக்கின் அடிப்படை வேறுபாடு ஒன்று விளங்கும். மேலை நாட்டில் அரசமாட்சி காட்டும் துணி அரசனின் உடலோடு தைக்கப்பட்டு அவன் பின்னே செல்கிறது. நம் நாட்டில் அஃது அரசனின் உடலோடு ஒட்டாமல், அவனுக்கு முன்னே விரிகிறது, மேலே கவிகிறது. அங்கே அவன் கடந்த இடத்தைத் துணி காட்டுகிறது. இங்கே அவன் கடக்கவிருக்கும் இடத்தைக் காட்டுகிறது. நம் மொழியில் 'டிரெயின்' என்பதற்கு நேர்ச்சொல் வேரூன்றாமைக்குச் சொல்வறுமை காரணமன்று. அப்பணியை வேறொரு துணி வேறோரிடத்தில் செய்தமையே காரணம்.

இவ்வேறுபாட்டைக் கூத்துக்களம் உறுதிப்படுத்துகிறது. கார்னிவல் அரசனைப்போல ஓரிரவுக்கு அரசனாகும் எளியோன் நம் ஊர்களிலும் உண்டு. அவன் தெருக்கூத்தின் கட்டை வேடக்காரன். இலேசான மரத்திற் செதுக்கி, கண்ணாடித் துண்டும் நிறத்தாளும் ஒட்டிய கிரீடம், புசகீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகியவற்றைக் 'கட்டை' என்று வழங்குவர். அவற்றை அணியும் அரச வேடம் 'கட்டை வேடம்'. இடையில் அவன் அணிவது அகன்று விரியும் பாவாடை. அவன் களத்துள் புகும்போது இருவர் ஒரு திரையை அவனுக்கு முன்னே பிடித்து நிற்பர். திரைக்குப் பின்னிருந்து பாடியும் ஆடியும், சிறிது சிறிதாகத் தன்னைக் காட்டி, பின்னரே முழுவடிவில் வெளிப்படுவான். சிலப்பதிகார அரங்கேற்றுகாதை கூறும் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி ஆகியவற்றின் மரபோடு இத்திரையை வைத்து எண்ணலாம். ஈண்டும் துணி அரசனுக்கு முன்னேதான் நிற்கிறது.

கூத்தரசனுக்குப் பின்தொங்கல் இல்லாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அவன் வெறுமனே நடப்பவனல்லன், ஆடுபவன். 'கிறிக்கி' எனும் சுழற்சியில் விரைந்து சுற்றும்போது பாவாடை குடைபோல் விரியும். நிலத்திற் புரளும் துணியோடு அவ்வாறு சுழல இயலாது. ஆகவே ஆடையின் பெருமை நீளத்தில் அமையாமல் அகலத்தில் அமைந்தது. ஈழத்து மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரச வேடத்தார் அணிவது 'கரப்புடுப்பு'. கரப்பு என்பது மீன்பிடிக்கவும் கோழியை மூடவும் பயன்படும் கூடை. அக்கூடைபோல் விறைத்து விரிந்து நிற்றலின் இப்பெயர் வந்தது. 1962இல் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியது முதலாகப் பல்கலைக்கழகத்தாரின் கவனம் இக்கூத்துகளின்பால் திரும்பிற்று. கற்றோர் 'கஞ்சுகம்' என்பர். கூத்தரோ தம் கொல்லையிற் கிடந்த கூடையைக்கொண்டு அரசவுடைக்குப் பெயர் வைத்தனர். இரண்டனுள் பொருளைக் கண்முன் நிறுத்துவது எது என்பதைக் கூறவேண்டுவதில்லை.

திருவரங்கத்திலேயே அரசப்பெயர் தாங்கிய கலைஞர் உளர். திவ்வியப் பிரபந்தத்தைப் பாடியும் அபிநயித்தும் தொண்டாற்றும் அரையர் அவர். அரசர் என்பது அரைசர் எனவும் அரையர் எனவும் திரிந்து நின்றது. அவர் கோலத்துக்குச் சிறப்புத் தருவன தலையில் அணியும் கூம்பிய குல்லாயும் இறைவன் சாத்திக் களைந்த மாலையும் பரிவட்டமும் ஆகும். பெயரால் அரசராகிய இவர்க்கும் நெடிய தொங்கல் இல்லை.

துணியை விரித்தவர் யார்?

சொல்லாராய்ச்சி சொல்லோடு நின்றுவிடின் அது குறையுடையது. மேலை நாட்டில் தொங்கலை ஏந்துவோர் உயர்குடியினர் என்று கண்டோம். நம் நாட்டில் நடைபாவாடையை விரித்தவர் யார்? பெரும்பாலும் வண்ணார். அவர்கள் சடங்குகளுக்கு அளிக்கும் வெளுத்த துணியை 'மாற்று' என வழங்குவர். யாழ்ப்பாணத்தில் திருமணத்துக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் வழியில் விரிக்கும் துணியை 'நிலபாவாடை' என்பர். ஒருவர் கடந்ததும் பின்னே கிடக்கும் துணியை எடுத்து ஓடிச்சென்று முன்னே விரிப்பது அவர் பணி. குனிந்தும் ஓடியும் செய்யும் இவ்வுழைப்புப் பிறப்பால் விதிக்கப்பட்டதே அன்றி, விரும்பி ஏற்ற பெருமையன்று. மேலைநாட்டில் ஏந்திய பெண்களின் பெயர்கள் ஏட்டில் உள்ளன. இங்கே விரித்தவர் பெயரை எவரும் எழுதி வைத்திலர். 'நடைபாவாடை' என்னும் அழகிய சொல்லை எடுத்தாளும் புலவர் அதன் ஓரத்தைப் பிடித்திருந்த கைகளையும் எண்ணுதல் கடன்.

இதனால் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது. 'டிரெயின்' என்பதை நடைபாவாடை எனப் பெயர்த்தால் துணியின் இடம் மாறுவதோடு, அதனைத் தாங்குவோரின் நிலையும் மாறிவிடும். ஒரு சமுதாயத்தின் பெருமை மற்றொன்றில் இழிவாகத் தோன்றும்; இழிவு பெருமையாக மறைக்கப்படும்.

முடிபுகள்

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. தைத்த மேலாடையைக் குறிக்க 'அங்கி' என்பதே இன்று பொருத்தமான சொல். கோயில் வழக்கும் கிறித்தவ வழக்கும் அதனை நிலைபெறச் செய்துள்ளன. விழாவுக்கு உரியதாயின் 'அரச அங்கி', 'விழா அங்கி' என விரித்துக்கொள்ளலாம். கஞ்சுகமும் மெய்ப்பையும் பழங்காலச் சூழலுக்கே உரியன. தோளிலிருந்து தளர்ந்து வீழும் தைக்காத மேலாடையைப் 'போர்வை' என்னும் வகையில் அடக்கலாம். பின்னே நிலத்திற் புரளும் பகுதிக்குத் 'தொங்கல்' போதும். தெளிவு வேண்டுமிடத்துப் 'பின்தொங்கல்' எனலாம். அதனைச் சுமந்து வருவோரைத் 'தொங்கல் ஏந்துவோர்' என்பது இயல்பான தொடர். முந்தானையும் நடைபாவாடையும் இப்பொருளுக்கு ஆகா.

இவற்றினும் முதன்மையான முடிபு ஒன்றுண்டு. அயற்பொருளுக்குச் சொல் தேடும்போது, 'இதற்குத் தமிழில் சொல் யாது?' என்று மட்டும் வினவுதல் போதாது. 'இப்பொருள் அங்கே செய்யும் பணியை இங்கே எப்பொருள் செய்தது?' எனவும் வினவுதல் வேண்டும். முதல் வினா கலைச்சொல்லைத் தரும். இரண்டாம் வினா நம் வாழ்வை நமக்குக் காட்டும். கூத்தரும் கோயிற் பணியாளரும் வண்ணாரும் தம் நாவில் வைத்துள்ள உடைச்சொற்கள் இன்னும் முழுமையாகத் தொகுக்கப்பெறவில்லை. வாடகைக்குக் கிடைக்கும் வெல்வெட்டு உடுப்புகள் கூத்துக்களத்தில் புகுந்து, 'செட்டு' என்னும் ஒரு சொல்லில் அத்தனை பெயர்களையும் விழுங்கி வருகின்றன. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கூத்தர் ஒருவரிடம் ஒருநாள் அமர்ந்து எழுதினாலும் பெருந்தொகுதி ஒன்று உருவாகும்.

ஜீயபுரத்தில் தொடங்கிய கட்டுரையை ஜீயபுரத்திலேயே முடிப்பது முறை. அரங்கன் அவ்வூருக்கு எழுந்தருளுவதற்கு ஊரார் ஒரு கதை கூறுவர். முதியவள் ஒருத்தியின் பேரன் அரங்கன் என்பான், காவிரிக்குச் சென்றவன் வெள்ளத்தில் அகப்பட்டான். அவன் வரவை நோக்கிக் கலங்கி நின்ற பாட்டியின் குடிசைக்குப் பெருமாளே பேரனின் வடிவில் வந்து, அவள் இட்ட எளிய சோற்றையும் மாவடுவையும் உண்டான் என்பது கதை. உண்மைப் பேரன் திரும்பி வந்தபோது வந்தவன் மறைந்தான். கஞ்சுகம் என்னும் சொல்லுக்குப் பாம்பு கழற்றும் சட்டை என்னும் பொருளும் உண்டு. அரசாடை கழற்றத்தக்கது என்பதை இக்கதையும் கூறுகின்றது. இரத்தின அங்கிக்கு உரியவன் அன்று எந்த அங்கியும் இன்றி வந்தான். பாட்டி அவனைப் பேரனாகவே கண்டு சோறிட்டாள். ஆண்டுதோறும் அவன் அதே ஊருக்கு அரசுக் கோலத்தோடு வருகின்றான். கூடி நிற்கும் மக்களோ, அவன் அரசனாய் அல்லாமல் பேரனாய் வந்த நாளையே நினைந்து கைகூப்புகின்றனர்.